மூன்று வயதுக் கிழவனின் தொடைச்சதை

"நாற்பது வயது தாண்டினால் தசையில் மைட்டோகாண்ட்ரியா குறைந்துவிடும்" என்று யூடியூபில் யாராவது அடித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வாயில் வரும் கேள்வி ஒன்றுதான்: எந்தப் பிராணிக்கு? (மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் இருந்து சக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்பு.) மனிதனைப் பற்றிப் பேசுவது போலத்தான் ஆரம்பிப்பார்கள், கொஞ்சம் தோண்டினால் அடியில் ஒரு எலி படுத்திருக்கும். அதுவும் பெரும்பாலும் ஒரே வம்சத்து எலி, ஒரே மாதிரி கூண்டு, ஒரே மாதிரி தீனி. அந்த எலியின் முதுமையை நம் எல்லோருடைய முதுமையாக நினைத்துக்கொண்டு மாத்திரை விற்கிறார்கள், வாங்குகிறோம்.

நான் விஞ்ஞானி இல்லை. வடக்கு பெங்களூரில், பல்லாரி ரோட்டுப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் தசையை வெட்டி, சாயம் ஏற்றி, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆய்வுக் கட்டுரைகளில் என் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் வரியில்தான் வரும், சில சமயம் அதிலும் வராது. ஆனால் வயதான எலித்தசை, இளம் எலித்தசை, சுண்டெலித்தசை என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கிறவளுக்கு ஒரு சந்தேகம் வளரும். 'வயதானால் மைட்டோகாண்ட்ரியா இப்படி ஆகும்' என்று ஒற்றை வாக்கியத்தில் சொல்ல முடிகிற மாதிரி ஒன்றும் அங்கே நடப்பதில்லை. அதைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தசைநார் என்பது ஒரே நீளமான செல். அதற்குள் சுருங்கி விரிகிற இழைகள் கட்டுக்கட்டாக ஓடும். மைட்டோகாண்ட்ரியா இரண்டு இடத்தில் இருக்கும்: செல்லின் வெளிச்சவ்வை ஒட்டி ஒரு கூட்டம், இழைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட மாதிரி இன்னொரு கூட்டம். நாங்கள் மைக்ராஸ்கோப்புக்காக வெட்டும் துண்டின் கனம் 60, 70 நானோமீட்டர்தான், அதில் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனி மொச்சைக்கொட்டையாகத் தெரியும். பாடப்புத்தகத்தில் வரும் படமும் அதுதான். ஆனால் அடுத்தடுத்து வெட்டி, படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், தனித்தனி என்று நினைத்தவை பல இடங்களில் கைகோத்துக்கொண்டு ஒரே வலையாக ஓடுவது தெரியும். மாஸ்கோவில் பக்கீவா, செந்த்ஸோவ், ஸ்குலச்சோவ் மூவரும் எலியின் உதரவிதானத் தசையில் இதை 1978லேயே காட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் உதவி பெரிதாக இல்லாத காலம், எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பார்களோ. 2015இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த குழு சுண்டெலித் தசையில் அதே வலையை முப்பரிமாணத்தில் எடுத்து, வலையின் ஒரு மூலையில் உண்டாகும் மின்னழுத்தம் இன்னொரு மூலை வரை பரவுகிறது என்றும் காட்டியது.

ஆக, வயதாகும்போது என்ன மாறுகிறது என்று கேட்டால், எண்ணிக்கை என்று ஒரு பதில் போதாது. வலை அறுகிறதா, நீள்கிறதா, வீங்குகிறதா, உள்ளே இருக்கும் டிஎன்ஏ கெடுகிறதா, எந்தக் கூட்டம் கெடுகிறது, சவ்வோரத்துக் கூட்டமா நடுவில் இருப்பதா? கிளீவ்லாந்தில் சார்லஸ் ஹோப்பலின் குழு வயதான எலியின் இதயத்தை எடுத்துப் பார்த்தபோது, இழைகளுக்கு நடுவே இருந்தவை மட்டும் சோர்ந்துபோயிருந்தன, சவ்வோரத்தில் இருந்தவை இளம் எலியில் இருப்பது போலவே வேலை செய்தன. ஒரே செல், ஒரே ரத்தம், ஒரே வயது.

எலியில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் கதை தெளிவாக இருக்கிறது. விஸ்கான்சினில் ஜட் ஐக்கனின் ஆய்வகத்தில் ஜொனாதன் வனகட்டும் மற்றவர்களும் 2001இல் வெளியிட்ட வேலை ஒன்று உண்டு, எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது கிட்டத்தட்ட கோயில். ஃபிஷர் 344, பிரவுன் நார்வே என்ற இரண்டு வம்சங்களைக் கலந்த எலி. இதன் சராசரி ஆயுள் மூன்று வயதை ஒட்டி வரும், எனவே 38 மாதம் ஆன எலி என்றால் நிஜமாகவே கொள்ளுத்தாத்தா. அதன் தொடை முன்சதையை எடுத்து, 10 மைக்ரான் கனத்தில் வரிசையாக வெட்டிக்கொண்டே போனார்கள். ஒரு வெட்டில் காக்ஸ் என்ற நொதிக்குச் சாயம், அடுத்த வெட்டில் எஸ்டிஹெச் என்ற நொதிக்குச் சாயம், திரும்பவும் அதே வரிசை. இரண்டுமே மைட்டோகாண்ட்ரியாவில் சக்தி தயாரிக்க உதவும் நொதிகள்.

இந்த இரண்டு நொதிகளை எடுத்ததில்தான் சூட்சுமம். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு குட்டி டிஎன்ஏ உண்டு, எலியில் அது சுமார் 16,300 எழுத்து, 37 மரபணு. காக்ஸின் முக்கியமான மூன்று துண்டுகளுக்கான குறிப்பு அதில்தான் இருக்கிறது. எஸ்டிஹெச்சுக்கான குறிப்பு முழுக்க செல்லின் உட்கருவில் இருக்கிறது. எனவே காக்ஸ் இல்லை, ஆனால் எஸ்டிஹெச் எக்கச்சக்கமாக இருக்கிறது என்றால், குட்டி டிஎன்ஏ கெட்டுப்போய்விட்டது, செல் அதை ஈடுகட்ட இன்னும் இன்னும் கெட்ட மைட்டோகாண்ட்ரியாவைத் தயாரித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அவர்கள் பார்த்தது இது. ஒரு தசைநாரின் பெரும்பகுதி நன்றாக இருக்கிறது. நீளத்தில் ஒரு துண்டில் மட்டும் காக்ஸ் மறைகிறது, எஸ்டிஹெச் கொழுந்துவிட்டு எரிகிறது. அந்தத் துண்டின் நடுவில் நார் மெலிகிறது, சில இடங்களில் இரண்டாகப் பிளக்கிறது, சிலவற்றில் நூலிழை கனத்துக்குச் சுருங்கிவிடுகிறது. துண்டைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பழையபடி கனமான நார். லேசர் கத்தியால் அந்தத் துண்டை மட்டும் தனியே வெட்டி எடுத்து டிஎன்ஏவைப் பார்த்தால், அதில் ஒரு பெரிய பகுதி அறுந்து காணாமல் போயிருக்கிறது. ஒரே நாரில் இருக்கும் கெட்டதெல்லாம் ஒரே மாதிரி அறுந்தவை, அதாவது ஒரே ஒரு கெட்ட பிரதி எப்போதோ உண்டாகி, பெருகிப் பெருகி அந்த இடத்தை ஆக்கிரமித்திருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அல்லது பிடிக்காத விஷயம் என்றும் சொல்லலாம், நீங்கள் அந்தத் தசையை ஒரே ஒரு இடத்தில் குறுக்காக வெட்டிப் பார்த்தால் இதில் பெரும்பகுதி கண்ணில் படாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு கெட்ட நார் தெரியும், "ரொம்பக் கம்மிதான்" என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். மொத்தத் தசையையும் அரைத்து டிஎன்ஏவை அளந்தாலும் கெட்டது சொற்பமாகத்தான் வரும். நீளவாக்கில் தேடிப் போனால்தான் எத்தனை நார்கள் எங்கோ ஓரிடத்தில் அறுபட்டிருக்கின்றன என்று புரியும். ஒரு நார் ஓரிடத்தில் செத்தாலும் அதனால் முழு நீளத்துக்கும் இழுக்க முடியாது, அவ்வளவுதான்.

சரி, அப்படியென்றால் எல்லாத் தசையும் இப்படித்தானா? இல்லை. அதே எலிகளில் தொடை முன்பக்கத்து வாஸ்டஸ் லேட்டராலிஸ் தசை வயதோடு மோசமாகத் தேய்கிறது, இந்தக் கோளாறும் அதில் அதிகம். உட்தொடையில் இருக்கும் அடக்டர் லாங்கஸ் பெரிதாகத் தேய்வதில்லை, கோளாறும் குறைவு. ஒரே எலியின் ஒரே காலில் கிழத்தசையும் கிழமாகாத தசையும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கின்றன. "வயதான எலியின் தசை" என்று மொட்டையாக எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

இனி சுண்டெலி. உலகத்து ஆய்வகங்களில் பாதிக் கதையைச் சொல்வது இதுதான், குறிப்பாக சி57 பிளாக் 6 என்ற கறுப்புச் சுண்டெலி. மாண்ட்ரியாலில் ஒரு குழு 2015இல் வயதான சுண்டெலியின் தசையைப் பார்த்தது. மைட்டோகாண்ட்ரியா துண்டு துண்டாக உடைந்திருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இழைகளுக்கு நடுவே இருந்தவை உடையவில்லை, இளசுகளைவிட நீளமாக, கிளை விட்டு வளர்ந்திருந்தன, சவ்வோரத்தில் இருந்தவை பெருத்திருந்தன. இதற்கு இரண்டு வருடம் முன்பு டொராண்டோவில் டேவிட் ஹூட்டின் ஆய்வகம் வயதான எலியில் பார்த்தபோது துண்டு துண்டாகத்தான் இருந்தது, ஒட்டவைக்கும் புரதத்துக்கும் வெட்டும் புரதத்துக்கும் இருக்கும் விகிதம் வெட்டும் பக்கம் சாய்ந்திருந்தது. ஒன்று நீண்டது, இன்னொன்று நறுங்கியது. இரண்டு குழுவும் கெட்டிக்காரர்கள், இரண்டும் நல்ல படங்கள். யார் சரி என்று கேட்பதே எனக்குத் தப்பாகப் படுகிறது, வேறு பிராணி, வேறு தசை, வேறு வாழ்நாள்.

அப்புறம் இந்தக் கறுப்புச் சுண்டெலியைப் பற்றி வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி. இதன் ஜே என்ற கிளைவம்சத்தில், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உட்கார்ந்திருக்க வேண்டிய என்என்டி என்ற நொதியின் மரபணுவில் பெரிய துண்டு ஒன்று இல்லை. 2005இல் சர்க்கரை நோய் பற்றி ஆராய்ந்தவர்கள்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த நொதியின் வேலை என்னவென்றால், சக்தி தயாரிக்கும்போது உண்டாகி செல்லை அரிக்கும் ஆக்சிஜன் கழிவுகளைச் சமாளிக்கத் தேவையான என்ஏடிபிஹெச் என்ற பொருளை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தயாரித்துக் கொடுப்பது. அதாவது, மைட்டோகாண்ட்ரியா வயதாவதை ஆராய உலகம் அதிகம் நம்பும் பிராணிகளில் ஒன்றுக்கு மைட்டோகாண்ட்ரியாவிலேயே பிறவிக் குறை. என் என்ற கிளைவம்சத்தில் அந்தக் குறை இல்லை. எந்தக் கிளை என்று குறிப்பிடாமல் 'சி57' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிற கட்டுரைகள் இன்னமும் வருகின்றன.

கூண்டு வேறு இருக்கிறது. ஷூ டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய இடம், எந்நேரமும் தீனி, ஓட எங்கும் வழியில்லை. அதே சுண்டெலிக்கு ஒரு சக்கரம் வைத்துக் கொடுத்தால் ஒரே ராத்திரியில் பல கிலோமீட்டர் ஓடும். 2010இல் மார்க் மேட்சனின் குழு வெளிப்படையாகவே எழுதியது: நாம் 'சாதாரணம்' என்று வைத்து ஒப்பிடும் ஆய்வக எலிகள் உட்கார்ந்து தின்று பெருத்தவை, சர்க்கரையைச் சரியாகக் கையாளத் தெரியாதவை, சீக்கிரம் சாகிறவை. எங்கள் அனிமல் ஹவுஸைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன் ஒசூர்க்காரர், அவர் இதை ஆங்கிலக் கட்டுரை படிக்காமலே சொல்வார், "மேடம், இதுங்களுக்கு வந்தது வயசு இல்லை, சோம்பேறித்தனம்." வயதான சுண்டெலிகளுக்குப் பெயர் வைக்கக்கூடாது என்று ஒரு சட்டமும் வைத்திருக்கிறார், ஆனால் அவரே ரெண்டு மூன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டிருக்கிறேன்.

அவர் சொன்னது பாதி சரி என்று காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் நொதி, எடுத்ததைச் சரிபார்க்கவும் செய்யும். அந்தச் சரிபார்க்கும் திறனை மட்டும் கெடுத்துவிட்ட சுண்டெலிகளை 2004இல் ஸ்வீடனிலும் 2005இல் விஸ்கான்சினிலும் உண்டாக்கினார்கள். பிழைகள் குவிந்தன, சில மாதங்களிலேயே முடி நரைத்து, கூன் விழுந்து, தசை கரைந்து, ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் செத்துப்போயின. 2011இல் கனடாவில் டர்னோபோல்ஸ்கியின் குழு இதே சுண்டெலிகளை வாரம் 3 முறை, 45 நிமிடம், நிமிடத்துக்கு 15 மீட்டர் வேகத்தில் டிரெட்மில்லில் ஓடவிட்டது. 5 மாதம் கழித்து, சும்மா இருந்தவை நரைத்து ஒடுங்கிக் கிடக்க, ஓடியவை நல்ல சுண்டெலிகளிலிருந்து வேறுபடுத்த முடியாதபடி இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள், ஜிம் விளம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்தப் படத்தை வைத்து 'டிஎன்ஏ பிழைதான் முதுமைக்குக் காரணம்' என்று முடிவுகட்ட முடியாது. 2007இல் வந்த இன்னொரு ஆய்வில், அந்தக் கெட்ட மரபணு ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள சுண்டெலிகளைப் பார்த்தார்கள். சாதாரணச் சுண்டெலியைப்போல் 500 மடங்கு ஒற்றை எழுத்துப் பிழைகளைச் சுமந்துகொண்டு அவை முன்கூட்டியே கிழடாவதற்கான அறிகுறி எதுவும் இல்லாமல் நன்றாகவே வாழ்ந்தன. ஆகவே சுண்டெலியின் இயல்பான முதுமையில் ஒற்றை எழுத்துப் பிழை பெரிய வில்லனாக இருக்க வழியில்லை. எலித்தொடையில் பார்த்தோமே, பெரிய துண்டாக அறுந்து போவது, அதுதான் வில்லனோ என்ற சந்தேகம் எனக்கு அதிகம்.

இப்போது எனக்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன், ஏனென்றால் இது நேராக என் கை வேலை சம்பந்தப்பட்டது. மைட்டோகாண்ட்ரியா எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அளக்க, பல பத்தாண்டுகளாக இருக்கும் வழி, தசையைக் கத்தரித்து, அரைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பிரித்தெடுத்து அளப்பது. வலையாக ஓடுகிறது என்று முன்னால் சொன்னேனே, அதைத்தான் அரைக்கிறோம். இடியாப்பத்தை மிக்ஸியில் அடித்துவிட்டு நூல் எவ்வளவு நீளம் என்று அளக்கிற கதை. மார்ட்டின் பிக்கார்டும் ரஸ்ஸல் ஹெப்பிளும் அவர்கள் குழுவும் 2010இல் ஒரு எளிய வேலை செய்தார்கள். இளம் எலி, கிழ எலி இரண்டிலிருந்தும் தசையை எடுத்து, பாதியைப் பழைய முறைப்படி அரைத்துப் பிரித்தார்கள், மீதியில் நார்களை உடைக்காமல் வெளிச்சவ்வில் மட்டும் ஓட்டை போட்டு, மைட்டோகாண்ட்ரியா இருந்த இடத்திலேயே இருக்கும்படி அளந்தார்கள். அரைத்ததில் கிழ எலியின் நிலைமை படுமோசம். அரைக்காததில் அந்த வித்தியாசம் பெருமளவு சுருங்கிப்போனது. அடுத்த வருடம் அதே குழு, அரைப்பதே மைட்டோகாண்ட்ரியாவின் உருவத்தையும் குணத்தையும் மாற்றிவிடுகிறது என்று தனியாகவே காட்டியது.

வயதான மைட்டோகாண்ட்ரியா ஒன்றும் ஆகவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அரைக்கும்போது அவை சீக்கிரம் உடைகின்றன என்பதே ஒரு வயதுக் குறிதான். ஆனால் எத்தனையோ வருடமாக நாம் 'முதுமை' என்று வரைந்த கோட்டின் சரிவில் ஒரு பங்கு ஆய்வகத்துக் கத்தரிக்கோலால் வந்தது. என் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தால் இது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். குளுட்டரால்டிஹைடு என்ற பதப்படுத்தும் திரவத்தில் தசையைப் போடுவதற்கு முன்னால் அது சுருங்கிவிட்டால் படத்தில் மைட்டோகாண்ட்ரியா நசுங்கித் தெரியும், ஊறல் சரியில்லை என்றால் வீங்கித் தெரியும். வீங்கிய மைட்டோகாண்ட்ரியாவைப் பார்த்து "ஆஹா, வயசாயிடுச்சு" என்று ஒரு மாணவர் குதிக்கும்போது, "தம்பி, இளசையும் அதே கிண்ணத்தில் போட்டீங்களா?" என்று கேட்பதுதான் என் முக்கால்வாசி உத்தியோகம்.

சரி, மொட்டையெலி. நேக்கட் மோல் ரேட் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். எத்தியோப்பியா, கென்யா, சோமாலியா மண்ணுக்கடியில் கூட்டமாக வாழும், தேனீ மாதிரி ஒரு ராணி மட்டும் குட்டி போடும். எடை 35 கிராம் பக்கம், ஒரு நல்ல சுண்டெலி அளவுதான். சுண்டெலி மூன்று வயதைத் தொட்டால் பெரிய விஷயம், இது 30 வயதைத் தாண்டுகிறது. 2018இல் காலிகோ நிறுவனத்தில் ரோஷெல் பஃபன்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் ஆயிரக்கணக்கான மொட்டையெலிகளின் பிறப்பு இறப்புக் கணக்கைப் பார்த்தபோது, வயது ஏற ஏற சாகும் வாய்ப்பு ஏறவே இல்லை. மற்ற பாலூட்டிகளில் எல்லாம் ஏறும். நமக்கு நன்றாகவே ஏறும்.

'ஆக்சிஜன் கழிவு செல்களை அரிக்கிறது, அதனால் வயதாகிறது' என்று டென்ஹம் ஹார்மன் 1956இல் சொன்னார், 1972இல் மைட்டோகாண்ட்ரியாவைக் கைகாட்டினார். அதற்கு நல்ல சாட்சியும் இருந்தது. ஆய்வகச் சுண்டெலியைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாழும் வெள்ளைக்கால் சுண்டெலி, 1993இல் சோஹலின் குழு பார்த்தபோது, குறைவான கழிவையே உண்டாக்கியது. பாடம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோரும் எழுந்திருக்கும்போது மொட்டையெலி வந்து கெடுத்தது. 2006இல் பஃபன்ஸ்டைனின் குழு அளந்தால், 30 வருடம் வாழும் இந்தப் பிராணிக்கு இளம் வயதிலேயே சுண்டெலியைவிட அதிகமாக அரிப்பு. கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாம் அரிபட்டிருக்கின்றன, ஆனால் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

தசையை நேராகப் பார்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள், நியூகாஸிலும் லண்டனும் சேர்ந்து 2016இல். மொட்டையெலியின் தசை பல பத்தாண்டுகள் தேயவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகள் பெருமளவு ஒழுங்காக இருந்தன. எலியில் பொட்டுப்பொட்டாக மறைந்ததே காக்ஸ், அது இங்கே வயதோடு குறையவே இல்லை. மனிதத் தசையிலும் மற்ற கொறிணிகளிலும் வழக்கமாக வரும் டிஎன்ஏ அறுப்புகள் இதில் கிடைக்கவில்லை, வேறு சில்லறைக் குழப்பங்கள் இருந்தன. டிஎன்ஏ பிரதிகளின் எண்ணிக்கை குறையாதது மட்டுமில்லை, கூடியிருந்தது. ஆனால் சக்தி தயாரிக்கும் வரிசையில் முதலில் நிற்கும் கூட்டுநொதி, காம்ப்ளெக்ஸ் ஒன் என்பது, கணிசமாகக் குறைந்திருந்தது. இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மொட்டையெலி மாறாமல் இருக்கவில்லை. அதற்கும் வயதோடு மாறுகிறது, ஆனால் வேறு இடத்தில், தாங்கக்கூடிய இடத்தில் மாறுகிறது.

எப்படித் தாங்குகிறது என்பதற்கு இரண்டு விதமான விடை ஓடிக்கொண்டிருக்கிறது. 2019இல் ஒரு கனடா குழு சொன்னது, மொட்டையெலித் தசையும் சுண்டெலித் தசையும் ஆக்சிஜன் கழிவுகளில் ஒன்றான ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரே மாதிரிதான் உண்டாக்குகின்றன, ஆனால் மொட்டையெலியின் மைட்டோகாண்ட்ரியா அதை உள்ளேயே தின்று தீர்க்கும் திறன் மிகப் பெரியது. 2020இல் மாஸ்கோவில் ஸ்குலச்சோவின் குழு சொன்னது வேறு. அதே 1978 ஸ்குலச்சோவ்தான், நாற்பது வருடம் கழித்தும் அதே பொருள், மனுஷனுக்கு என்ன பிடிவாதம். சவ்வின் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் தணித்து வைத்தால் கழிவு உண்டாவதே குறையும், அந்தத் தணிப்பு சுண்டெலியில் வயதோடு மங்கிவிடுகிறது, மொட்டையெலியில் வருடக்கணக்கில் நீடிக்கிறது என்றார்கள். ஒருவர் வரவை அப்படியே விட்டுச் செலவைக் கூட்டுகிறார், மற்றவர் வரவையே குறைக்கிறார். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். எனக்கு முதல் விடை மேல் சாய்வு அதிகம், தசையில் வரவையும் செலவையும் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள் என்பதால்.

அல்சூரில் என் பெரியப்பா இருக்கிறார், பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வந்து வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் என் தலையில் கொட்டுவார். "ஏம்மா, கிழட்டு எலிக்கு ஊசி போட்டா ஒரே மணி நேரத்துல வாலிபமாயிடுதாமே, நெசமா?" என்று கேட்டார். பக்கத்தில் 'மைட்டோ' என்று பெயரில் வரும் ஒரு மாத்திரை டப்பா, விலையைப் பார்த்து எனக்கு மயக்கம் வந்தது.

"எலி இல்ல பெரியப்பா, சுண்டெலி. நெசம்தான், ஆனா உங்க டப்பாவுல இருக்கறது அது இல்ல" என்றேன். அவர் கேட்டது எஸ்எஸ் 31 என்ற மருந்தைப் பற்றி, இப்போது எலமிப்ரிடைட் என்று பெயர். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருக்கும் கார்டியோலிபின் என்ற கொழுப்பைப் பிடித்துக்கொள்கிற சின்னப் புரதத்துணுக்கு. 2013இல் சியாட்டிலில் டேவிட் மார்சினெக்கின் குழு வயதான சுண்டெலிக்கு ஒரே ஒரு ஊசி போட்டு, ஒரு மணி நேரத்தில் தசையின் சக்தி உற்பத்தி இளசுக்கு நிகராக வந்ததை உயிரோடிருக்கும் தசையிலேயே அளந்து காட்டியது. இளம் சுண்டெலியில் எந்த மாற்றமும் இல்லை. ஒரு மணி நேரத்தில் புதிய மைட்டோகாண்ட்ரியா முளைக்காது. ஆகவே தேய்ந்தது என்று நினைத்ததில் ஒரு பகுதி, தேயாமல், சும்மா ஒழுங்கில்லாமல் இருந்திருக்கிறது.

"அப்ப மனுசனுக்கு?" மனிதருக்கும் பார்த்தார்கள். 2021இல் வெளிவந்த பரிசோதனையில் முதியவர்களுக்கு ஒரு முறை ஏற்றிவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் அளந்தார்கள். சக்தி உற்பத்தி அன்றைக்கு ஏறியது, ஒரு வாரத்தில் அந்த ஏற்றம் தெளிவாக இல்லை, அந்தச் சதை களைத்துப்போவதில் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் பார்த் சிண்ட்ரோம் என்ற அரிய பிறவி நோய்க்கு, அதில் கார்டியோலிபினே சரியாக உருவாகாது. முதுமைக்கு அல்ல. இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பெரியப்பா, "அப்ப நான் நடக்கறதை நிறுத்த வேணாம்ங்கற" என்றார், டப்பாவைத் தூக்கிப் போடவில்லை, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே.

எனக்கு இருக்கும் ஆசை வேறு. ஒரே கத்தி, ஒரே கிண்ணம், ஒரே ஆள், அதில் சுண்டெலி, எலி, அணில், பெருச்சாளி என்று வரிசையாகத் தசையை எடுத்து, ஒரே தசையில், நீளவாக்கில், வாழ்நாளின் அதே பங்கு கடந்த பிராணிகளாகப் பார்த்து ஒப்பிட வேண்டும். காலை நேரத்தில் எங்கள் வளாகத்துச் சுவரில் ஓடும் அணில் எந்தக் கூண்டு எலியும் வாழ்நாள் முழுக்க ஓடாத தூரத்தை ஓடுகிறது, அதன் தொடையைப் பார்க்காமல் கொறிணிகளின் தசை முதுமை என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி, வன விலங்கு என்றால் அதற்கும் மேலே ஒரு அனுமதி, அதையெல்லாம்கூட நடையாய் நடந்து வாங்கிவிடலாம். வயதுதான் இடிக்கிறது. காட்டிலிருந்தோ சாக்கடையிலிருந்தோ பிடித்த பெருச்சாளிக்குப் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? பல் தேய்மானத்தைப் பார்க்கலாம், கண்ணின் லென்ஸை உலர்த்தி எடை போட்டு வயதைக் கணிக்கும் பழைய முறையும் உண்டு, லென்ஸ் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால். ஆனால் எந்த எடைக்கு எத்தனை மாதம் என்று தெரிய, வயது தெரிந்த பெருச்சாளிகளை முதலில் வளர்த்தாக வேண்டும். அனிமல் ஹவுஸ் அண்ணனிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தேன். "பெருச்சாளியா? கூண்டைக் கடிச்சுட்டுப் போயிடும் மேடம், அப்புறம் அதுக்கு வயசென்னன்னு நீங்கதான் ஓடிப் பிடிச்சுக் கேக்கணும்" என்றார்.